ஃபோர்க்லிஃப்ட், அட்டாச்மென்ட், பாதுகாப்பு: பாடாங் செராயில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் என் அப்பா தலைமுறை ரப்பர் மரத்தில் பால் வெட்டியது. இப்போது சுற்றியிருந்த ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் தாமானாகவும் (வீடமைப்புப் பகுதியாகவும்) மாறிவிட்டன. தோட்ட லயத்தில் வளர்ந்த பையன்கள் உரக் கிடங்கிலும், ரப்பர் ஆலையிலும், கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள். நானும் 24 வருடம் ஓட்டிவிட்டு, இப்போது புதியவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறேன். ஒட்டுக்கடையில் பசியாறும்போதும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன்.

அண்ணே, அவ்வளவு பாரத்தை முன்னாடி தூக்கிட்டு வண்டி எப்படி குப்புற விழாம நிக்குது?

ஃபோர்க்லிஃப்ட்டை ஒரு தராசாக நினைத்துக்கொள். முன்சக்கரத்தின் அச்சுதான் தராசின் முள். அதற்கு முன்னால் சுமை, பின்னால் வண்டியின் சொந்த எடை. இருக்கைக்குப் பின்னால் குண்டாக இருக்கிறதே, அது வெறும் உடம்பு இல்லை, முழு இரும்பு வார்ப்பு. 2.5 டன் தூக்கும் வண்டி தானே ஏறக்குறைய 4 டன் எடை இருக்கும். நான்கு மைவி காடியை (சின்னக் காரை) ஒன்றாகச் சேர்த்த எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டி நிற்பது மூன்று புள்ளியில்தான். முன்சக்கரம் இரண்டும் இரண்டு புள்ளி. பின் அச்சு நடுவில் ஓர் ஆணியில் ஆடும்படி மாட்டியிருப்பதால் அந்த ஆணி மூன்றாவது புள்ளி. வண்டியும் சுமையும் சேர்ந்த எடையின் நடு இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை கவலை இல்லை. முன்பக்கம் தாண்டினால் குப்புற விழும், பக்கவாட்டில் தாண்டினால் கவிழும். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இந்த முக்கோணமும் தராசும்தான் அடிப்படை.

வண்டி பின்னாடி 2.5ன்னு பெரிசா எழுதியிருக்கு. அப்ப 2.5 டன் தூக்கலாம்தானே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. விபத்துக்குப் பிறகு கேட்டவர்களும் உண்டு. பின்னால் எழுதியிருப்பது வண்டியின் பேர் மாதிரி. உண்மையான கணக்கு ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகப் பிளேட்டில் இருக்கிறது. சுமையின் நடு ஃபோர்க்கின் (சுமைக்கு அடியில் நுழையும் இரண்டு இரும்புக் கரங்களின்) நிமிர்ந்த முகத்திலிருந்து 500 மி.மீ. தள்ளி இருந்தால், இவ்வளவு உயரம் வரை, இவ்வளவு எடை என்று அதில் போட்டிருக்கும். 5 டன்னும் அதற்கு மேலும் தூக்கும் வண்டிகளில் அந்தத் தூரம் பெரும்பாலும் 600 மி.மீ.

சுமையின் நடு தள்ளிப் போனால் எடை குறைய வேண்டும். முன் அச்சிலிருந்து ஃபோர்க் முகம் வரை சுமார் அரை மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடு. 1 மீட்டர் நீளப் பலகை (சாமான் அடுக்கும் பேலட்) என்றால் அதன் நடு இன்னொரு அரை மீட்டர். ஆக அச்சிலிருந்து 1 மீட்டரில் 2,500 கிலோ. அதுவே 1.4 மீட்டர் நீளப் பலகையை நீளவாக்கில் எடுத்தால் நடு 700 மி.மீ. ஆகிவிடும், அச்சிலிருந்து 1.2 மீட்டர். 2,500ஐ 1.2ஆல் வகுத்தால் 2,080 கிலோ சொச்சம்தான். 400 கிலோ எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. வண்டிதான் பின்சக்கரத்தைத் தூக்கிக் காட்டும்.

காடி லைசன்ஸ் இருக்கு. அது போதாதா?

போதாது. பொதுச் சாலையில் ஓட்ட வேண்டுமானால் அதற்கென்று தனி வகை உரிமம் ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) எடுக்க வேண்டும், வண்டியும் பதிவாகியிருக்க வேண்டும். ஆலை வேலிக்குள் ஓட்டுவது வேறு கதை. அங்கே பேசுவது 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். வேலைக்கு வேண்டிய பயிற்சியைக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துபோய், இப்போது எல்லாம் இந்த ஒரே சட்டத்தின் கீழ் வந்துவிட்டது.

காடி ஓட்டிப் பழகிய கை இதில் ஒரு விதத்தில் தொந்தரவுதான். காடி முன்சக்கரத்தில் திரும்பும், இது பின்சக்கரத்தில் திரும்பும். முன்பக்கம் சாதுவாக வளைந்து போகும்போது பின்குண்டு வெளியே வீசி ஒரு ஆளைச் சுவரோடு நசுக்கிவிடும். புதியவர்களை முதல் இரண்டு நாள் சுமையே இல்லாமல் எட்டுப் போட வைப்பது இதற்காகத்தான். பையன்களுக்கு அது பிடிக்காது.

அட்டாச்மென்ட்னா என்ன? எங்க ஸ்டோருக்கு எது வேணும்?

ஃபோர்க்குக்குப் பதிலாகவோ ஃபோர்க்கோடு சேர்த்தோ வண்டியின் முன்னால் மாட்டுகிற கருவி எல்லாம் அட்டாச்மென்ட்தான். சுமையை இடது வலது நகர்த்தும் சைட் ஷிஃப்ட், இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் கிளாம்ப், டிரம் பிடிக்கும் கிளிமூக்கு, சுற்றிக் கொட்டும் ரொட்டேட்டர், அள்ளும் பக்கெட், தொங்கவிடும் கொக்கி என்று பட்டியல் நீளும்.

நம் ஊர்ப் பக்கம் சுமை நான்கைந்து வகைதான்: 50 கிலோ உர மூட்டை அடுக்கிய பலகை, ஒரு டன் ஜம்போ பை, ரப்பர்ப் பால் டிரம், எஸ்.எம்.ஆர். (தரப்படுத்திய மலேசிய ரப்பர்) கட்டி, அப்புறம் அட்டைப் பெட்டி. இதில் பாதிக்கு வெறும் ஃபோர்க்கும் சைட் ஷிஃப்ட்டும் போதும். முதலாளி கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து ரொட்டேட்டர் வாங்கலாமா என்று கேட்டால், வாரத்தில் எத்தனை தடவை கொட்டப் போகிறோம் என்று திருப்பிக் கேளுங்கள். வண்டியில் நிரந்தரமாகத் தொங்கும் ஒவ்வொரு கருவியும் தினமும் எடையைத் தின்கிறது.

தின்கிறதுன்னா எவ்வளவு தின்னும்? சும்மா ஒரு சைட் ஷிஃப்ட்தானே?

இரண்டு வழியில் தின்னும். கருவியின் சொந்த எடை தராசின் முன்தட்டில் ஏறுகிறது. அதோடு, கருவியின் தடிமன் சுமையை முன்னால் தள்ளுகிறது. மேலே போட்ட 2.5 டன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 70 கிலோ எடையில் தொங்கவிடும் வகை சைட் ஷிஃப்ட், சுமையை 6 செ.மீ. முன்னால் தள்ளுகிறது என்றால் மிஞ்சுவது 2,300 சொச்சம். 600 கிலோ கிளாம்ப், சுமையை 20 செ.மீ. தள்ளுகிறது என்றால் மிஞ்சுவது 1,700 கிலோதான். கழற்றி வைத்த ஃபோர்க்கின் எடை கொஞ்சம் திரும்பிவரும், அதை நான் சேர்க்கவில்லை. இது சும்மா புரிவதற்கான கைக்கணக்கு. வேலைக்கு, தயாரிப்பாளரோ விநியோகிப்பாளரோ அந்த வண்டிக்கும் அந்தக் கருவிக்கும் சேர்த்துக் கொடுக்கும் புதுப் பிளேட்தான் செல்லும்.

எஸ்.எம்.ஆர். ஓட்டுகிறவர்கள் இங்கே நன்றாகக் கவனிக்கவும். ஒரு கட்டி 33.33 கிலோ, ஒரு மரக் கூட்டில் 36 கட்டி சேர்ந்தால் 1.2 டன். "ரெண்டு கூடு ஒண்ணா எடுத்தா 2.4தானே, வண்டி 2.5 ஆச்சே" என்று சொல்லாத ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. மரக் கூட்டின் எடையைச் சேர்க்கவில்லை, சைட் ஷிஃப்ட் தின்றதைக் கழிக்கவில்லை, கூட்டின் நீளம் 1 மீட்டரைத் தாண்டுவதைப் பார்க்கவில்லை. ஒன்று ஒன்றாக எடுத்தால் நாள் முழுக்க அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சைட் ஷிஃப்ட்டை ஒரு பக்கம் தள்ளி வச்சுட்டே ஓட்டலாமா?

கூடாது. அது அடுக்குவதற்கான வசதி, ஓட்டுவதற்கானது இல்லை. ஓரத்தில் சுமையை வைத்துக்கொண்டு திரும்பினால் முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் ஏற்கெனவே பாதி வழி போய்விட்டாய். நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கிளம்பு.

பட்டவொர்த்துல பழைய கிளாம்ப் மலிவா கிடைச்சுது. நம்ம வண்டில மாட்டிக்கலாமா?

முதலில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஃபோர்க் தொங்கும் முன்சட்டத்துக்கு அளவு வகைகள் உண்டு. 1 முதல் 2.5 டன் வரை இரண்டாம் வகை, சட்டத்தின் உயரம் 407 மி.மீ. அதற்கு மேல் 5 டன்னுக்குள் மூன்றாம் வகை, 508 மி.மீ. டேப் வைத்து அளந்தாலே தெரிந்துவிடும். பொருந்தாததை வெட்டி ஒட்டிப் பொருத்துகிற பட்டறைகளும் இருக்கின்றன. அங்கே போகாதே.

பொருந்தினாலும் வேலை முடியவில்லை. கிளாம்ப்புக்குத் தனி எண்ணெய்க் குழாய் வேண்டும், லீவரும் வேண்டும். பிடித்த சுமையை விடுகிற லீவர் கை தவறிப் பட்டால் திறந்துவிடக் கூடாது, இரண்டு அசைவு செய்தால்தான் திறக்க வேண்டும். குழாய் வெடித்தாலும் பிடி தளராதபடி ஒரு வால்வு இருக்க வேண்டும். கடைசியாகப் பிளேட். கருவியின் எடையும் தடிமனும் தெரியாமல் யாராலும் புதுப் பிளேட் போட முடியாது. ஆகவே விவரத் தகடு உரிந்துபோன கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

ஃபோர்க் குட்டையா இருக்கு. இரும்புக் குழாயைச் சொருகி நீட்டிக்கிட்டா என்ன?

சொருகுவதற்கென்றே செய்த நீட்டிப்பு விற்கிறது. குழாய் அந்த வேலைக்கு ஆகாது. முறையான நீட்டிப்பும் ஃபோர்க்கின் நீளத்தில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. 1,070 மி.மீ. ஃபோர்க்குக்கு 1,600 மி.மீ. எல்லை. பின்னால் பூட்டும் ஆணி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிவர்ஸ் எடுக்கும்போது நீட்டிப்பு பலகைக்குள்ளேயே தங்கிவிடும்.

நீட்டினால் அதிகம் தூக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இரண்டாம் கேள்விக்கான பதிலை மறுபடி படிக்கவும். நீட்டிப்பு, நீளமாக இருக்கிற லேசான பொருளுக்குத்தான். நுனியில் மட்டும் பாரத்தை ஏற்றவே கூடாது.

ஜம்போ பையை ஃபோர்க்கில் மாட்டித் தொங்கவிட்டுத்தான் எங்க ஸ்டோர்ல எடுக்கிறோம். தப்பா?

பல இடத்தில் அப்படித்தான் நடக்கிறது. தப்பு எங்கே வருகிறது என்றால், ஃபோர்க்கின் ஓரம் கத்தி மாதிரி. பையின் காது அதில் உரசி அறுந்துவிடும். ஓரம் மழுங்கிய உறை போட வேண்டும், அல்லது தொங்கவிடுவதற்கான கொக்கிச் சட்டம் மாட்ட வேண்டும். நான்கு காதும் நேராக மேலே நிற்க வேண்டும். ஃபோர்க்கைப் பையின் அகலத்துக்குச் சரியாக வைக்காமல், இரண்டு காதை ஒரே பக்கம் இழுத்து மாட்டுவது ரொம்ப மோசம்.

அடுத்தது ஆட்டம். தொங்குகிற சுமை நீ நிறுத்தினாலும் நிற்காது. நான் ஒரு உரக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசரத்தில் மாஸ்ட்டை (ஃபோர்க்கைத் தூக்கும் கம்பத்தை) ஆள் உயரத்துக்கு மேல் வைத்துக்கொண்டே ஓட்டிப் போய்ச் சட்டென்று பிரேக் போட்டேன். ஒரு டன் யூரியா முன்னால் வீசியது, பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டன. கைக்கு ஸ்டீயரிங் காற்று மாதிரி லேசாகிப் போனது. பை திரும்பி வந்ததால் வண்டியும் திரும்பி உட்கார்ந்தது. என் திறமை அதில் எதுவும் இல்லை. மேண்டோர் (மேற்பார்வையாளர்) ஒரு வார்த்தை பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டார், ஒரு வாரம் மூட்டை எண்ண விட்டார். ஸ்டீயரிங் லேசாவதுதான் வண்டி கொடுக்கும் கடைசி எச்சரிக்கை. அந்த நொடியில் சுமையைக் கீழே இறக்கு, வேறெதையும் யோசிக்காதே.

ரப்பர்ப் பால் டிரம்மை ரெண்டு ஃபோர்க்குக்கு நடுவுல நெருக்கிப் பிடிச்சு எடுக்கலாமா?

வேண்டாம். நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் இருக்கும், ஃபோர்க்குக்குப் பிடிக்கும் பலம் கிடையாது. நான்கு டிரம்மைப் பலகையில் நிறுத்திக் கட்டி எடு, இல்லையென்றால் விளிம்பைக் கவ்வும் கிளிமூக்கு வாங்கச் சொல். பாதி நிரம்பிய டிரம்மும் தொட்டியும் முழுசாக நிரம்பியதைவிட விஷமம். உள்ளே இருக்கும் பால் அலைபாயும், ஜம்போ பை ஆடுகிற மாதிரியே.

பல்பு மாத்தணும், ரெண்டு நிமிஷ வேலை. பலகையில ஆளை ஏத்தித் தூக்கிக்கலாமா?

கூடாது. இதில் "ஆனால்" என்று தொடங்கும் எந்தப் பதிலும் என்னிடம் இல்லை. வண்டிக்குப் பொருந்தும் ஆள்கூண்டு, சுற்றிலும் கம்பி, மாஸ்ட்டோடு பூட்டிய நிலை, இருக்கையை விட்டு இறங்காத ஓட்டுநர் எல்லாம் இருந்தால் அது வேறு. ஏணி வாங்க 200 வெள்ளி (ரிங்கிட்) ஆகுமா?

மேட்டில் ஏறும்போது முன்னால போறதா, பின்னால போறதா?

சுமை இருந்தால் சுமை எப்போதும் மேட்டுப் பக்கம். ஏறும்போது முன்னால், இறங்கும்போது ரிவர்ஸில். சுமை இல்லையென்றால் தலைகீழ், ஃபோர்க் பள்ளத்துப் பக்கம். சரிவில் திரும்பாதே, குறுக்காகவும் போகாதே. மழைக்குப் பிறகு லோடிங் மேடை வழுக்கும். வெயிலிலிருந்து கிடங்குக்குள் நுழைந்தால் கண்ணுக்குச் சில நொடி ஒன்றும் தெரியாது, அங்கே நின்று போ.

லாரிக்குள் ஏறுவதற்கு முன் லாரியின் தரைப்பலகையைப் பார். முதல் பதிலில் சொன்ன 4 டன்னும் சுமையும் சேர்ந்து அதன் மேல்தான் நிற்கப் போகின்றன.

வெறும் வண்டிதானே, கொஞ்சம் வேகமா போனா என்ன?

தந்திரமான கேள்வி. பக்கவாட்டில் கவிழ்வது சுமை இல்லாத வண்டிக்குத்தான் எளிது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பின்குண்டை ஈடுகட்ட முன்னால் எதுவும் இல்லாததால் மொத்த எடையின் நடு முக்கோணத்தின் ஒடுங்கிய பின்முனைக்குப் போய்விடுகிறது. அங்கே பக்கவாட்டில் இடமே இல்லை. அதோடு முன்னால் கனமான கிளாம்ப்பை உயர்த்தி வைத்துக்கொண்டு மூலையில் ஒடித்தால் அவ்வளவுதான். வெறும் வண்டியானாலும் ஃபோர்க் தரையிலிருந்து 15, 20 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

கவிழப் போகுதுன்னு தெரிஞ்சா குதிச்சுடணுமா?

குதிக்காதே. வண்டி விழுகிற வேகத்தை மனிதன் தாண்ட முடியாது, தலைக்கு மேலிருக்கும் கூண்டுக் கம்பி குதித்தவன் மேல்தான் விழும். பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடி, காலை வண்டியின் தரையில் ஊன்று, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய். பெல்ட் இடுப்பை அறுக்கிறது என்று பின்னால் மாட்டிவைத்துவிட்டு அதன் மேல் உட்காருகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, வண்டியைத் தருவதில்லை.

ஃபோர்க் தேஞ்சு போச்சு, வெல்டிங் வச்சு மெத்திக்கலாமா?

ஃபோர்க் சூட்டுப் பதம் போட்ட எஃகு. பட்டறையில் வைக்கும் வெல்டிங் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். குதிகால் மாதிரி வளையும் இடத்தில் தடிமனை அளந்து பார். புதியதைவிட 10 சதவீதம் குறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். 10 சதவீதம்தானே என்று தோன்றும். பலம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.9ஐ 0.9ஆல் பெருக்கினால் 0.81. அதாவது பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. தூக்கும் சங்கிலிக்கு எல்லை 3 சதவீத நீட்சி.

பிளேட்டுக்கு மேல தூக்கச் சொல்றார் சூப்பர்வைசர். மாட்டேன்னா வேலை போயிடும். என்ன பண்றது?

முதலில் பிளேட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து அவரிடமே காட்டு. பாதிப் பேருக்குப் பிளேட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. வீம்பு இல்லாமல் சொன்னால் பெரும்பாலும் இரண்டு தடவையாக எடுக்க ஒப்புக்கொள்வார்கள். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவரிடம் போ.

அப்படியும் கேட்கவில்லை என்றால், மேலே சொன்ன 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 26A என்று ஒரு பிரிவு இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி, சொல்லியும் முதலாளி சரிசெய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. அதே திருத்தத்தில் முதலாளிக்கான அபராத எல்லை 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளிக்கு ஏறியிருக்கிறது. சூப்பர்வைசருக்கு இந்தக் கணக்கு மற்றதைவிட வேகமாகப் புரியும்.

அடிபட்டுட்டா? நம்ம ஸ்டோர்ல பாதிப் பேர் நேப்பாள், வங்காளதேசத்துப் பையன்கள்.

வேலையிடத்து விபத்துக்கு பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) காப்பு இருக்கிறது. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. "சின்ன அடி, கிளினிக்கில் காட்டிட்டு சும்மா இரு" என்று சொன்னால் கேட்காதே. விபத்து நடந்த நேரம், இடம், வண்டி, பார்த்தவர் பெயர் எல்லாம் அன்றைக்கே எழுதி வாங்கு. கடுமையான விபத்தை முதலாளி ஜே.கே.கே.பி.க்கு (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவுக்கு) உடனே சொல்லி, ஏழு நாளுக்குள் படிவமும் அனுப்ப வேண்டும்.

அந்தப் பையன்களுக்குத் தமிழும் தெரியாது, மலாயும் அரைகுறை. அவர்களுக்குக் கை சாடை கற்றுக்கொடு: நிறுத்து, இறக்கு, தள்ளிப் போ. மூன்றே போதும்.

எல்லாம் சரிண்ணே. லோடு எவ்வளவு எடைன்னே தெரியலன்னா?

டெலிவரி சீட்டைப் பார். மூட்டையை எண்ணிப் பெருக்கு: 50 கிலோ மூட்டை 40 என்றால் 2 டன், பலகை எடை தனி. எதுவும் இல்லாத பழைய மோட்டார், துருப்பிடித்த தொட்டி மாதிரி சாமான் வந்தால் ஊகிக்காதே. நம் ஊரில் செம்பனைக் குலை வாங்கும் இடத்தில் எல்லாம் லாரித் தராசு இருக்கிறது. லாரியைச் சாமானோடு ஒரு தடவை ஏற்று, வேறு வழியில் இறக்கின பிறகு வெறும் லாரியை ஒரு தடவை ஏற்று. இரண்டு சீட்டையும் கழித்தால் எடை கையில் இருக்கும். அதைச் சாக்பீஸால் சாமான் மேலேயே எழுதி வை, அடுத்த ஷிப்ட்டுக்காரன் உன்னைத் தேடி வரவேண்டாம்.